பூச்சிக்கடி அரிப்பு: வீட்டில் எதைத் தடவலாம், எதைத் தடவக் கூடாது

நான்கு வயதுப் பெண் குழந்தைக்குக் கொசு கடித்த இடமெல்லாம் எட்டணா அளவுக்குத் தடித்துக்கொள்கிறது, தூக்கத்திலேயே சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறாள், வீட்டில் பாட்டி சுண்ணாம்பு தடவச் சொல்கிறார், தடவலாமா என்பது கேள்வி. தடவ வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். கொசுவோடு நிறுத்தாமல் எறும்பு, தேனீ, கம்பளிப்பூச்சி, மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைத் தேடி வரும் வண்டு ஆகியவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். கைவைத்தியம் பூச்சிக்குப் பூச்சி மாறும். ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் சில நேரம் நிலைமை மோசமாகும்.

முதலில் அரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பெண் கொசு ரத்தம் உறிஞ்சும்போது, ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. அதிலுள்ள புரதங்களை நம் உடல் அந்நியப் பொருளாகப் பார்த்து ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. ரத்தக்குழாய் விரிந்து நீர் கசிவதால் தடிப்பு, நரம்பு தூண்டப்படுவதால் அரிப்பு. முதல் தடிப்பு சில நிமிடங்களில் எழும்பி ஓரிரு மணி நேரத்தில் அமுங்கிவிடும். மறுநாள் அதே இடத்தில் கெட்டியான சிவந்த பரு எழும்பும். அது சில நாள் இருக்கும். ஆக, அரிப்பு நம் உடலின் வேலை. எச்சில் ஏற்கெனவே தோலுக்கு அடியில் போய்விட்டது. மேலே எதைத் தடவி 'விஷத்தை முறிக்க' முயன்றாலும் அது அங்கே போய்ச் சேராது. நம்மால் ஆகக்கூடியது இரண்டுதான்: நரம்பைச் சற்று அமர்த்துவது, நகம் படாமல் பார்த்துக்கொள்வது. வீட்டு வைத்தியத்தில் பலிப்பவை எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைச் செய்பவையே.

சொறிந்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் சொறியும்போது தோல் மேலும் தூண்டப்பட்டு இன்னும் ஹிஸ்டமின் சுரக்கிறது, அரிப்பு கூடுகிறது, மறுபடி சொறியச் சொல்கிறது. இரண்டு நாளில் அடங்க வேண்டிய பரு பத்து நாள் புண்ணாக இழுப்பது இதனால்தான். நகத்தால் பெருக்கல் குறி போட்டு அழுத்துவதும் இதே கதை. ஓரிரு நிமிடம் வலி அரிப்பை மறைக்கும், அப்புறம் கீறல் மிஞ்சும்.

கடித்த உடனே அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சாதாரண சோப்பிலும் கழுவுங்கள். பிறகு குளிர்ச்சி. நான் பரிந்துரைப்பதில் முதல் இடம் இதற்கே. செலவில்லை, கெடுதல் இல்லை, பச்சைக் குழந்தை முதல் பாட்டி வரை எல்லோருக்கும் ஒத்துவரும். இரண்டு மூன்று ஐஸ் கட்டிகளை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிப் பெரியவர்களுக்கு 10 நிமிடம், குழந்தைக்கு 5 நிமிடம் ஒற்றி எடுங்கள். அதே அளவு நேரம் இடைவெளி விட்டு இன்னொரு முறை செய்யலாம். ஐஸை நேராகத் தோலில் அழுத்திப் பிடித்தால் தோல் மரத்து, பனிப்புண் வரும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். துணி வெதுவெதுப்பாகும்போதெல்லாம் மறுபடி நனைத்துப் போடுங்கள். குளிர்ச்சி ரத்தக்குழாயைச் சுருக்கும், அரிப்பைக் கடத்தும் நரம்பின் வேகத்தைக் குறைக்கும். தூங்கப் போகும் முன் ஒருமுறை இப்படி ஒற்றிவிட்டால் நடுராத்திரிச் சொறிதல் நன்றாகக் குறையும்.

அடுத்தது ஆப்ப சோடா. ஒரு மேசைக்கரண்டி சோடாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வழியாத பதத்தில் குழைத்துத் தடிப்பின் மேல் பூசி, 10 நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், தோல் வறண்டுவிடும். இதில் நடக்கும் தவறுகள் சில. பேக்கிங் பவுடரைக் குழைப்பவர்கள் உண்டு. அதில் புளிப்பு உப்பும் மாவும் கலந்திருக்கும், பயனில்லை. அதைவிட ஆபத்து சலவை சோடா. பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் பொடிதான், ஆனால் சலவை சோடா கடுமையான காரம், தோலை அரித்துவிடும். டப்பாவில் கொட்டி வைத்த பெயரில்லாத பொடியைத் தோலில் வைக்காதீர்கள். சொறிந்து தோல் உரிந்த இடத்திலும் சோடா வேண்டாம், எரியும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் காலமைன் லோஷனை நான் வீட்டு வைத்தியத்தோடே சேர்க்கிறேன், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம், உள்ளே துத்தநாக ஆக்சைடு. அடியில் வண்டல் போலப் படிந்துகிடப்பதுதான் மருந்து, மேலே நிற்பது பெரும்பாலும் தண்ணீர். 'போட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை' என்பவர்களில் பலர் பாட்டிலைக் குலுக்காமல் மேல் தண்ணீரைத் தடவியவர்கள். நன்றாகக் குலுக்கி, பஞ்சில் தொட்டு வைத்து, தேய்க்காமல் காற்றில் உலரவிடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது குளிரும், மேலே படியும் பொடி கசிவை உறிஞ்சும். நாளைக்கு மூன்று நான்கு முறை போடலாம். கண்ணைச் சுற்றியும், வாயருகிலும், உரிந்த புண்ணிலும் வேண்டாம்.

கை கால் முழுக்கக் கடித்துவைத்திருந்தால் ஒவ்வொரு பருவாகத் தடவிக்கொண்டிருக்க முடியாது. அப்போது ஓட்ஸ் குளியல் கைகொடுக்கும். சர்க்கரை, மசாலா எதுவும் சேராத ஓட்ஸை மிக்ஸியில் மைதா பதத்துக்கு அரைக்க வேண்டும். ஒரு ஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினால் பால்போல் வெளுக்க வேண்டும். அடியில் போய்த் தங்கினால் இன்னும் அரையுங்கள். நான்கு மேசைக்கரண்டிப் பொடியை அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக் குழந்தையின் கை கால்களில் மெதுவாக ஊற்றிக்கொண்டே 10 நிமிடம் இருங்கள், பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள். தரை வழுக்கும், குழந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்ஸில் அரிப்பைத் தணிக்கும் பொருள்கள் இருக்கின்றன. தோல் மருத்துவர்களும் வறண்ட, அரிக்கும் தோலுக்கு இதைச் சொல்வதுண்டு. தண்ணீர் சூடாக மட்டும் இருக்கக் கூடாது. வெந்நீர்க் குளியல் ரத்தக்குழாயை விரித்து அரிப்பைக் கிளப்பிவிடும்.

சோற்றுக்கற்றாழை நல்லதுதான், எடுக்கிற விதத்தில்தான் தப்பு நடக்கிறது. மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுவே சிலருக்குத் தோலை அரிக்க வைக்கும். வெட்டிய மடலைத் தலைகீழாக ஒரு டம்ளரில் 15 நிமிடம் நிறுத்தி அந்தப் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றை இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே தடவுங்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. வேப்பிலை ஊறிய தண்ணீரில் குளிப்பாட்டுவதில் தவறில்லை. தண்ணீரின் குளிர்ச்சியே பாதி நிவாரணம் தரும். ஆனால் வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. பச்சைக் குழந்தைகளுக்கு வலிப்பும் மூளை, கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கின்றன. துளசிச் சாறு, மஞ்சள் இரண்டும் சுமாரான பலன்தான். மஞ்சளில் கூடுதல் சிக்கல் ஒன்று, சிவப்பு பரவுகிறதா இல்லையா என்று பார்க்க முடியாதபடி தோலை மறைத்துவிடும். தேங்காய் எண்ணெய் அரிப்பை உடனே நிறுத்தாது. ஆனால் சோடா, காலமைன் போட்டு வறண்ட தோலுக்கு ராத்திரியில் மெல்லிசாகத் தடவினால் இதமாக இருக்கும்.

இப்போது சுண்ணாம்பு. வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு, காரத்தன்மை பிஎச் 12க்கு மேல். தோலில் சற்று நேரம் கிடந்தாலே கொழுப்பைக் கரைத்து உள்ளே இறங்கும். அமிலம் பட்டால் உடனே எரிந்து நம்மை எச்சரிக்கும். காரம் முதலில் அவ்வளவாக வலிக்காது, அதனால் கழுவத் தாமதமாகிப் புண் ஆழமாகும். 'சுண்ணாம்பு வைத்தேன், கடி பழுத்துவிட்டது' என்று சொல்லப்படுவதில் பல, கடி பழுத்ததால் வந்தவை இல்லை, சுண்ணாம்பு சுட்ட புண். குழந்தை அதே கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழியே வெந்துபோகும். பார்வை போன குழந்தைகள் உண்டு. அப்படி நேர்ந்தால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு, நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள். தேனீ கொட்டினால் அமிலம், அதனால் சுண்ணாம்பு, குளவி கொட்டினால் காரம், அதனால் வினிகர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். வலிக்குக் காரணம் விஷத்திலுள்ள மெலிட்டின் போன்ற புரதப் பொருள்கள். புளிப்பைச் சமன்செய்து அவற்றை அடக்க முடியாது.

பச்சைப் பூண்டை நசுக்கிக் கட்டினால் நெருப்புப் பட்டதுபோல் கொப்புளம் வரும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் அந்த இடம் கன்றிக் கறுத்து, வாரக்கணக்கில் மறையாது. டூத்பேஸ்டில் இருக்கும் மென்தால் குளிர்ச்சி தரும், ஆனால் கூடவே இருக்கும் நுரைப் பொருள் தோலை உறுத்தும். தலைவலித் தைலம் பெரியவர்களுக்குக் கை காலில் தொட்டுக்கொள்ளப் பரவாயில்லை, கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துக் குழந்தைக்குத் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாயில் போனால் சிறிய அளவிலேயே வலிப்பு வரும். எச்சில் தொட்டு வைப்பது, வாயிலிருக்கும் கிருமியைக் கீறலில் வைப்பதுதான்.

சூடான ஸ்பூனை வைத்து அழுத்தும் முறையையும் கேட்பார்கள். சுமார் 50 டிகிரிச் சூட்டைச் சில வினாடி மட்டும் வைக்கும் சிறு கருவிகள் இருக்கின்றன, அவை அரிப்பைக் குறைக்கவும் செய்கின்றன. ஸ்பூனில் அந்தச் சூட்டை அளக்க வழியில்லை. 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே வினாடியில் பெரியவர் தோலையே வேகவைத்துவிடும், குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. அதனால் வீட்டில் செய்ய வேண்டாம்.

எறும்பு கடித்தால் முதலில் அதைத் தட்டிவிடுங்கள், ஒரே எறும்பு பல இடத்தில் கொட்டும். மாமரத்து முசுறு கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். தண்ணீர் விட்டுக் கழுவினாலே எரிச்சல் பெருமளவு போய்விடும். நெருப்பெறும்பின் விஷம் வேறு வகை, ஊசியால் உள்ளே ஏற்றுவது. சிலருக்கு மறுநாள் நுனியில் வெள்ளையாகக் கொப்புளம் கட்டும். சீழ் மாதிரித் தெரிந்தாலும் பெரும்பாலும் அதில் கிருமி இருக்காது. உடைத்தால்தான் கிருமி உள்ளே போகும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டுவதா, விரலால் பிடுங்குவதா என்று யோசிக்காமல் உடனே எடுங்கள். ஒவ்வொரு வினாடியும் கணக்கு. பிறகு ஐஸ். குளவி கொடுக்கை விட்டுப்போகாது. கதண்டு என்ற பெரிய குளவி கூட்டமாகக் கொட்டியிருந்தால், ஆள் தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷம் தசையை அழித்துச் சிறுநீரகத்தைக் கெடுப்பது ஓரிரு நாள் கழித்தும் தெரியவரும்.

மழைக்குப் பின் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும் காலத்தில், மேலே விழுந்த புழுவைக் கையால் தட்டாமல் குச்சியால் எடுத்துவிடுங்கள். அதன் மயிர்தான் பிரச்சினை. சாம்பல், இலை, துணி எதைக் கொண்டு தேய்த்தாலும் மயிர் ஒடிந்து உள்ளே ஏறும். செலோ டேப்பை ஒட்டி நேராக உரித்து எடுங்கள், ஒவ்வொரு முறையும் புது டேப், நாலைந்து தடவை. அதன் பிறகே ஓடும் தண்ணீரும் சோப்பும், பிறகு ஐஸ், காலமைன். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் மயிர் விழுந்தால் கசக்காமல் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள், அந்த மயிர் கண்ணுக்குள் நகரக்கூடியது.

பலர் ஏமாறுவது விளக்குக்கு வரும் ஒரு வண்டிடம். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, எறும்புபோல ஒல்லியாக, உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். அது கடிப்பதில்லை. கழுத்திலோ முகத்திலோ உட்கார்ந்ததை நாம் நசுக்கும்போது அதன் உடல் திரவத்திலிருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் தேய்ந்துவிடுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துக் கோடு கோடாகச் சிவந்து, எரிச்சலோடு கொப்புளம் எழும்பும். அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொள்வார்கள். வண்டுக் கொப்புளம் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே காய்வதால் காவியால் ஆறியதாகத் தோன்றும். உண்மையான அக்கியோ ஒரு பக்கமாக நரம்பின் வழியே வரும், பெரும்பாலும் கொப்புளத்துக்கு முன்பே வலி தொடங்கும், 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் நல்ல பலன் உண்டு. காவிக்குப் போய்க் காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிவிடும். வண்டு மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கை உட்பட. தூங்கும் முன் விளக்கை அணைத்து, படுக்கையை உதறிப் போடுங்கள்.

காலையில் எழும்போது மூன்று நான்கு கடி வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். தோலுக்கு எது தடவினாலும் கட்டிலைக் கவனிக்காமல் தீராது. ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொரிப்பொரியாக இருந்து, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் அது பூச்சிக்கடியே இல்லை, சொறிசிரங்கு. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

இந்தக் குழந்தைக்கு வருவோம். இரண்டு முதல் பத்து வயது வரை சில குழந்தைகளுக்குக் கொசுக்கடிக்கு உடல் கூடுதலாகவே எதிர்வினை காட்டும். புதுக் கடி ஒன்று பட்டால் ஆறிய பழைய பருக்களும் சேர்ந்து சிவந்து அரிக்கும். 'ரத்தத்தில் கெட்ட நீர்' எதுவும் இல்லை, வளர வளர இது அடங்கிவிடும். அதுவரை கடிபடாமல் காப்பதே பெரிய மருந்து: கொசுவலை, வேகமாகச் சுற்றும் ஃபேன், மாலையில் முழுக்கை முழுக்கால் பருத்தி உடுப்பு. நகத்தை வாரம் இரண்டு முறை ஒட்ட வெட்டி, ராத்திரி மெல்லிய பருத்திக் கையுறையோ சாக்ஸோ மாட்டிவிடுங்கள். தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தால் சிரப் வடிவில் செட்டிரிசின் என்ற அலர்ஜி மருந்து உண்டு. அளவை வயதும் எடையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளைக்கு 10 மில்லிகிராம் ஒரு மாத்திரை. சிலருக்குத் தூக்கம் வரும், வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்கவும்.

க்ரீம் வேண்டுமென்றால் மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் கையில் வருவது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ட்யூப். அரிப்பு மந்திரம்போல் நிற்கும், அதனால் அந்த ட்யூப் வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், படர்தாமரை இருந்தால் உருத்தெரியாமல் மாறிப் பரவும். பெரியவர்களின் பூச்சிக்கடிக்கு 1% ஹைட்ரோகார்ட்டிசோன் (வீரியம் குறைந்த ஸ்டீராய்டு), மெல்லிசாக, நாளைக்கு இரண்டு வேளை, ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

கடித்த சில மணி நேரத்திலேயே கை வீங்கி, அரிப்பு அதிகம், வலி குறைவு என்றால் பெரும்பாலும் அது அலர்ஜி. இரண்டாம் மூன்றாம் நாளில் வலி கூடி, தொட்டால் சுட்டு, சிவப்பு நாளுக்கு நாள் பெரிதானால் கிருமித் தொற்று. சந்தேகம் இருந்தால் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். கடித்த சில நிமிடங்களில் உதடு, நாக்கு, கண் வீங்குவது, மூச்சுத் திணறல், குரல் மாறுவது, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. வீட்டில் எதையும் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

அரிக்காத கடி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பு மடிப்பு போன்ற இடத்தில் வலியோ அரிப்போ இல்லாமல், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருந்து, கூடவே காய்ச்சலும் தலைவலியும் இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். புல், புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது. தமிழ்நாட்டில் மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட மாதங்களில் அதிகம். டாக்சிசைக்ளின் போன்ற மருந்தை உரிய நேரத்தில் தொடங்கினால் சீக்கிரம் கேட்கும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போது இந்தப் பொருக்கை நீங்களாகவே காட்டுங்கள், மறைவான இடம் என்று சொல்லாமல் விடாதீர்கள்.

ஆறிய பிறகு நம் மாநிறத் தோலில் கறுப்புப் புள்ளிகள் தங்கும். சில மாதம் ஆகும், தானாக மங்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதால் மூடி வைப்பது உதவும். தழும்பு க்ரீம், வெளுப்பு க்ரீம் எதையும் குழந்தையின் காலில் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் இருக்கின்றன.